இரவில் கழனிக்குச் செல்வோருக்கு ஏற்ற டார்ச் விளக்கு

கலப்பையையும் தெளிப்பானையும் பம்புசெட்டையும் பற்றி எழுதுவோர் பலர். இரவில் அவற்றினிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும் விளக்கைப் பற்றி எழுதுவோர் அரியர். நடுநிசியில் முறைத் தண்ணீர் வரும் வாய்க்கால்களிலும், மும்முனை மின்சாரம் இரவில் கிடைக்கும் கிணற்றுப் பாசன ஊர்களிலும், விவசாயி மோட்டார் சைக்கிளில் ஏறிக் கரைவழியாகவும் வண்டிப்பாட்டை வழியாகவும் செல்லாமல் தீராது. கரை உடைந்த இடத்தையும், மதகின் ஓரத்தையும், சருகில் கிடக்கும் கண்ணாடி விரியனையும் காட்டுவது விளக்கு ஒன்றே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஆகையால் டார்ச் விளக்கையும் விவசாயக் கருவிகளில் ஒன்றாகவே கருதித் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

வண்டியிலேயே விளக்கு இருக்கிறதே எனச் சிலர் வினவக்கூடும். அது முன் சக்கரம் திரும்பிய பக்கத்தை மட்டும் காட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கும்போது, அதாவது காலடியைப் பார்க்க வேண்டிய அச்சமயத்தில், பெரும்பாலான வண்டிகளில் அணைந்து போகும். செல்போன் வெளிச்சமோ சில அடி தூரத்திற்குள் மங்கிவிடும். அது சேற்றில் விழுந்தால் நஷ்டம் விளக்கோடு நிற்பதில்லை.

கடைக்காரர்கள் முதலில் புகழ்வது தூரத்தை. 'ஒரு கிலோமீட்டர் அடிக்கும்' என்பார்கள். சர்வதேச வழக்கப்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம் வரையிலான தூரமே விளக்கின் தூரம்; இது ஏறத்தாழப் பௌர்ணமி நிலவின் வெளிச்சம். இக்கணக்கில் 400 மீட்டருக்கு 40,000 காண்டெலாவும், ஒரு கிலோமீட்டருக்கு 2,50,000 காண்டெலாவும் வேண்டும். பெட்டியில் காண்டெலா அச்சிடப்படாவிடில் தூரத்தையும் நம்ப வேண்டியதில்லை. அன்றியும், அடுத்த ஊர்க் கோபுரத்தைக் காட்டும் விளக்கினால் நமக்கு ஆவதென்ன? கூர்மையான ஒளிக்கற்றை தூரத்தில் ஒரு வட்டத்தைக் காட்டி, வரப்பின் இரு பக்கங்களையும் இருளில் விட்டுவிடும். நடந்து செல்பவருக்கு 150 முதல் 300 லூமன் வரை, அகலப் பரவி, மணிக்கணக்கில் குறையாமல் நிற்கும் ஒளியே போதுமானது. ஆயிரம் லூமன் என விற்கப்படும் சிறு விளக்குகளிற் பல, சூடேறிச் சில நிமிஷங்களிலேயே தாமாக மங்கும். நீலம் பாய்ந்த வெண்ணிற ஒளியைவிட, சற்று மஞ்சள் கலந்த ஒளியில் மண்ணின் நிறமும் சருகின் நிறமும் பிரிந்து தெரியும்.

உறுதியைப் பற்றி இரண்டு விஷயங்கள். ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறியுள்ள விளக்கு ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது. 4 என்ற குறி தெறிக்கும் நீருக்கு மட்டுமே உரியது. நமக்கு வேண்டுவது முன்னது. மேலும், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மின்கலம் ஆடித் தொடர்பு அறுந்து விளக்கு கண் சிமிட்டுவதுண்டு. மின்கலத்தின் இரு முனைகளிலும் வில் உள்ளதாகப் பார்த்து, எரியவிட்டபடியே உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டி வாங்குக. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தலையில் கட்டும் விளக்கு, வண்டி ஓட்டவும் மண்வெட்டி பிடிக்கவும் இரு கைகளையும் விடுவிக்கும். ஆனால் ஒளி கண்ணுக்கு அருகிலிருந்து வருவதால் நிழல்கள் மறைந்து, பள்ளமும் சமதரையாகத் தோன்றும்; பூச்சிகளும் முகத்தில் மொய்க்கும். வண்டியை விட்டு இறங்கியபின் இடுப்பளவில் பிடிக்கும் கைவிளக்கே மேல். தாழ்ந்த ஒளியில் சிறு குழியும் நிழல் காட்டும்.

லிதியம் மின்கலத்தில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது போலி. 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கலத்தில் அதன் பாதி அளவுகூடக் கொள்ளாது. உபரிக் கலத்தைச் சாவிக்கொத்தோடு பையில் இடலாகாது. முனைகள் உலோகத்தால் இணைந்தால் தீப்பற்றும். சிற்றூரில் இக்கலம் அகப்படுவது அரிதாகையால், கடையில் கிடைக்கும் சாதாரணப் பாட்டரியிலும் எரியும் விளக்கை வாங்குவது விவேகம்.

நிலச்சுவான்தார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல விளக்கு வீட்டுத் திண்ணையில் தொங்க, நடுநிசியில் மடை திறக்கச் செல்லும் நீர்க்கட்டி தம் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு போவதைப் பல ஊர்களில் காண்கிறோம். வரப்பில் முதலில் கால் வைப்பவர் அவரே. ஒரு விளக்குக்கு உள்ள பணத்தில் தூரம் அடிக்கும் அலங்கார விளக்கை விட்டு, உறுதியான இரண்டை வாங்கி, ஒன்றை அவரிடம் கொடுப்பதே முறை. நீர்முறையைப் பங்கிடும் கிராம அதிகாரிகளும் இதை விசாரித்தல் நலம். அவருக்குக் கொடுக்கும் விளக்கில் ஒரே பொத்தான் இருக்கட்டும். மினுக்கி மினுக்கி எரியும் வேடிக்கைகளைக் கடந்துதான் அணைக்க முடியும் என்ற வகை, சேற்றுக் கைக்கு உதவாது. பம்புசெட்டு அறையில் ஆணி ஒன்று அடித்து, மின்சாரம் உள்ள வேளையில் கலத்தை ஏற்றி, விளக்கை அங்கேயே மாட்டி வைக்கலாம்.