யார் துறக்க வேண்டும்? எதைத் துறக்க வேண்டும்?

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் ஞாயிறு ஒன்றில், மாற்கு நற்செய்தியில் வரும் செல்வந்தனின் நிகழ்ச்சி நமது ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. நிலைவாழ்வுக்கு வழி கேட்டு ஓடிவந்தவனிடம், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு கேட்கிறார். அவனுக்குச் சொத்து ஏராளம். முகம் வாடித் திரும்பிப் போய்விடுகிறான்.

இதன்மேல் நாம் கேட்கும் மறையுரை பெரும்பாலும் ஒரே மாதிரியானது: பொருளின்மீது பற்று வைக்காதீர்கள், உள்ளத்தில் எளியவராயிருங்கள். உக்குவளைப் பக்கத்து ஆலயமொன்றில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? முன் வாங்கில் மிளகும் கராம்பும் காய்க்கும் பத்து ஏக்கருக்குச் சொந்தக்காரர் இருக்கலாம். பின் வாங்கில், காணியை இழந்து வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பம் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அறிவுரை. முதலாமவர் ஆறுதலோடு வீடு திரும்புகிறார். பற்றில்லாமல் வைத்திருந்தால் போதும் தானே! இரண்டாமவரோ, இல்லாததை எப்படித் துறப்பது என்று விளங்காமல் போகிறார்.

கிறிஸ்தவர்கள் இன்று தங்கள் உடைமைகளை ஏழைகளுக்காகத் துறக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. யாரிடம் கேட்கிறோம், துறந்த பொருள் யார் கையில் போய்ச் சேருகிறது என்ற இரண்டையும் பார்த்த பின்னரே பதில் கூற முடியும்.

இழந்ததும் துறந்ததும்

இந்த ஏட்டை வாசிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இடம்பெயர்ந்தவை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பெயரால் பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் உறவுகள் நம்மிடையே உண்டு. எழுபதுகளில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டும், 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் களனியாக்கி, பின்னர் யுத்தத்தில் அதையும் விட்டு ஓடியவர்கள் உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரும் அதைச் சுற்றிய வயல்களும் கிடக்கின்றன. கொத்மலையிலும் அப்படியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலைநாட்டில் இன்னும் பல குடும்பங்களை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வெளியே தள்ளின.

இவர்களில் எவரும் எதையும் துறக்கவில்லை. இவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிகொடுத்தவனைப் பார்த்து வறுமையும் ஒரு புண்ணியம் என்று சொல்வது நற்செய்தியல்ல. துறவு என்பது கையில் இருப்பவன் தன் விருப்பத்தோடு செய்வது. கை வெறுமையாக்கப்பட்டவனுக்குத் தேவைப்படுவது நீதி. இந்த வேறுபாட்டை மறந்தால், நமது போதனை பறித்தவனுக்கே துணையாக முடியும்.

வேதம் காட்டும் அளவு

செல்வந்தனிடம் எல்லாவற்றையும் கேட்ட அதே இயேசு, சக்கேயுவிடம் அப்படிக் கேட்கவில்லை. சக்கேயு தானாகவே தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தர முன்வந்தான். அதோடு நிற்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். இங்கே இரண்டு கணக்குகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று கொடை. மற்றது திருப்பிக் கொடுத்தல். நமது திருச்சபையில் முதலாவதைப் பற்றி அதிகம் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஆதித் திருச்சபையில் பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்தார். அதே இடத்தில் அனனியாவும் அவன் மனைவியும் ஒரு பகுதியை ஒளித்து வைத்தார்கள். விற்குமுன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது என்ற பொருளில் பேதுரு கேட்டதிலிருந்து, விற்கும்படி எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தெளிவு. அவர்களுடைய குற்றம் வைத்திருந்தது அல்ல, பொய் சொன்னது. ஆனால் அந்தச் சமூகத்தின் வெற்றி எதைக்கொண்டு அளக்கப்பட்டது? எத்தனை பேர் விற்றார்கள் என்பதைக் கொண்டல்ல. தங்களுக்குள் தேவையுள்ளவர் எவரும் இல்லை என்பதைக் கொண்டே. கொடுப்பவன் எவ்வளவு இழந்தான் என்பதல்ல, ஏழை எவ்வளவு நிமிர்ந்தான் என்பதே வேதத்தின் அளவுகோல்.

லேவியர் நூல் சொல்லும் ஐம்பதாம் ஆண்டின் யூபிலியும் இதையே கூறுகிறது. கடனால் கைமாறிய நிலம் அந்த ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஏழைக்கு ஒரு மூடை தானியம் கொடுத்துவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மோசேயின் சட்டம் சொல்லவில்லை.

விதவையின் காசு

ஏழைகளிடமிருந்து காணிக்கை கேட்கும்போது, ஆலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை உதாரணம் காட்டுவது வழக்கம். அதற்கு முந்திய வசனங்களை வாசிப்பவர் குறைவு. விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் மறைநூல் அறிஞரை இயேசு கண்டித்த கையோடுதான் அந்த விதவை வருகிறாள். அவளுடைய தாராளத்தை அவர் மெச்சினார் என்பது உண்மை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அமைப்பை அவர் மெச்சவில்லை. முகாமிலும் கொட்டிலிலும் இருக்கும் குடும்பத்திடம் கட்டட நிதி கேட்கும்போது இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எடுத்த காணி எங்கே போனது?

உள்ளவரிடமிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. நமது நாட்டின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர், வயலானால் 25 ஏக்கர் என எல்லை விதித்தது. 1974ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 228,000 ஹெக்டயர் அரசின் கைக்கு வந்தது. கம்பனிகளின் தோட்டங்களை 1975ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துக்கொண்டது. ஆனால் இந்தக் காணியில் தனித்தனிக் குடும்பங்களின் பெயருக்கு மாறியது மிகச் சொற்பமே. பெரும்பகுதி அரச நிறுவனங்களிடமும் கூட்டுறவு அமைப்புகளிடமும் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் நான்கு தலைமுறையாக உழைத்த தோட்ட மக்களோ, சில இடங்களில் லயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள்.

எஜமான் மாறினான், ஏழை மாறவில்லை. ஆகவே துறப்பது பாதி வேலைதான். துறந்தது உழைப்பவனின் பெயரில் எழுதப்படும்போதுதான் வேலை முடிகிறது. தோட்டங்களில் தனி வீட்டோடு கொடுக்கப்பட்ட 7 பேர்ச் காணியை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். 7 பேர்ச்சில் வீடு கட்டலாம், கறிவேப்பிலை நடலாம். விவசாயம் செய்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது.

வழி காட்டியவர்கள்

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு நடந்ததைக் காட்டலாம். சிலி நாட்டின் தால்கா மறைமாவட்ட ஆயர் மனுவேல் லராயின், 1962இல் தமது மறைமாவட்டத்துக்குச் சொந்தமான லொஸ் சிலோஸ் பண்ணையை அங்கே உழைத்த குடும்பங்களுக்கே மாற்றிக் கொடுத்தார். அந்நாட்டு அரசு பெரிய காணிச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது 1967இல்தான். திருச்சபை காத்திருக்கவில்லை. 1965 நவம்பர் 16ஆம் திகதி, வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ 40 ஆயர்கள் உரோமையின் நிலத்தடிக் கல்லறை ஆலயமொன்றில் கூடி, மாளிகையும் பட்டங்களும் தம் பெயரில் வங்கிக் கணக்கும் இன்றி வாழ உறுதி எடுத்தார்கள்.

நமக்குப் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. மாத்தளையையும் உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் பழமையும் வசதியும் கொண்ட அந்த ஆசனத்தை விட்டு, புதிதாகப் பிரிக்கப்பட்ட வறிய பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். அதே ஆண்டில் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபை அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், தமது அறிவையும் ஆயுளையும் தோட்ட மக்களின் உரிமைக்காகச் செலவிட்டார். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அமலமரித் தியாகிகள் சபை அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, 1980இல் புத்தளைப் பக்கத்துப் பௌத்த கிராமமொன்றில் சிறு வீட்டில் குடியேறினார். காணியிழந்த விவசாயிகளோடு வாழ்ந்த அவர், 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி செய்துகொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்கள் சும்மா பொருளை வீசியவர்கள் அல்லர். தங்கள் இடத்தை மாற்றிக்கொண்டவர்கள். ஏழையின் பக்கத்தில் போய் நின்ற பின்னர், எதைக் கொடுப்பது, எதை வைத்திருப்பது என்ற கேள்விக்குப் பதில் தானாகத் தெளிந்தது.

ஆலயக் காணி

ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது தனி மனிதரிடமல்ல, நமது திருச்சபையிடமே. பங்குகளுக்கும் சபைகளுக்கும் நிறுவனங்களுக்கும் காணிகள் உண்டு. சில நன்றாகப் பயன்படுகின்றன. சில பற்றைக்காடாகக் கிடக்கின்றன.

இதற்கு நியாயமான மறுப்புகள் எழும். முன்னோர் ஒரு நோக்கத்துக்காக எழுதிவைத்த காணி என்பார்கள். பாடசாலையும் அநாதை இல்லமும் அதன் வருமானத்தில்தான் நடக்கின்றன என்பார்கள். திருச்சபைச் சட்டப்படி பங்குத்தந்தை தனியே எதையும் கொடுத்துவிட முடியாது. ஆயரின் அனுமதி வேண்டும், குறித்த பெறுமதிக்கு மேற்பட்டால் உரோமையின் அனுமதியும் வேண்டும் என்பதும் உண்மை. கொடுத்த காணி மறுவருடமே முதலாளியிடம் ஈட்டுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கும் காரணம் உண்டு.

இந்த மறுப்புகள் அவசரப்படாதே என்று சொல்கின்றன. ஒன்றும் செய்யாதே என்று சொல்லவில்லை. உறுதி மாற்றிக் கொடுக்க முடியாத இடத்தில், எழுத்து மூலமான நீண்டகாலக் குத்தகை கொடுக்கலாம். ஒவ்வொரு பங்கும் தன் காணியின் கணக்கை மக்கள் முன் வாசித்து, தரிசாகக் கிடப்பதில் எவ்வளவு பயிரிட முடியும் என்று பார்க்கலாம். ஈட்டுக்குப் போகாமலிருக்க நிபந்தனை எழுதுவதோடு, விதைக்கும் பசளைக்கும் கடன் கிடைக்க வழி செய்ய வேண்டும். கடன் கிடைக்காதவன்தான் காணியை ஈடு வைக்கிறான்.

இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரச காணியின் பின்னுரிமை ஆண்மக்களுக்கே முதலில் போயிற்று. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. அரசு திருத்திக்கொண்டதைத் திருச்சபை திருத்தாமல் இருக்கலாகாது. இரண்டாவது, ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துக் காணி கொடுக்கலாகாது. சிங்களவரும் முஸ்லிம்களும் இந்துக்களும் நமது அயலவர்கள். தேவையைப் பார்க்காமல் மதத்தைப் பார்த்துக் கொடுத்தால் அது தூண்டிலாகிவிடும்.

நமக்குள்ளே

இனி இடம்பெயர்ந்த நமது குடும்பங்களுக்கும் ஒரு சொல். பறிகொடுத்தவர்களிடம் துறவு கேட்கலாகாது என்றோம். ஆனால் பகிர்வு கேட்கலாம். ஏனெனில் நம்மிடையேயும் ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. ஒருவருக்கு மாற்றுக் காணி கிடைத்துவிடுகிறது; அடுத்தவர் இன்னும் பிரதேச செயலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். ஒருவரிடம் தெளிகருவி இருக்கிறது. இன்னொருவரிடம் உடலுழைப்பு மட்டுமே. கிடைத்தவர் கிடைக்காதவரை மறந்துவிட்டால், நம்மை மறந்தவர்களை நாம் குறைசொல்ல முடியாது.

1976ஆம் ஆண்டிலிருந்து, பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வருகிறது. இங்கே மின்சாரத்தைத் தந்துவிட்டு, சுது கங்கையில் விழுந்து, போவத்தென்னை கடந்து வரண்ட வலயத்து வயல்களுக்குப் போகிறது. இங்கே தேங்கி நின்றால் மின்சாரமும் இல்லை, நெல்லும் இல்லை. உடைமையும் அப்படித்தான். நமக்கு வேண்டிய வேலையை அது செய்யட்டும். பிறகு மேலே போகட்டும்.

எனவே நமது பதில் இதுதான். தன் தேவைக்கு மிஞ்சி வைத்திருக்கும் கிறிஸ்தவர், காணியில்லாத அயலவர் இருக்கும்வரை, மனப்பற்று இல்லை என்று சொல்லித் தப்பிக்கொள்ள முடியாது. அநியாயமாக வந்ததைக் கொடை என்று பெயரிட்டுக் கொடுக்காமல், கடன் என்று ஒப்புக்கொண்டு திருப்ப வேண்டும். திருச்சபை எல்லோருக்கும் முன்னே நடக்க வேண்டும். இழந்தவர்கள் தலைகுனிந்து கேட்கத் தேவையில்லை. அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில், நமது ஆலயத்துக்கு எவ்வளவு காணி உண்டு, அதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.