புறம்போக்கு என்றால் இளக்காரமா?

"புறம்போக்கு" என்பது இன்று வசவு. வருவாய்க் கணக்கில் அதற்குத் தீர்வை விதிக்கப்படாத நிலம் என்று மட்டுமே பொருள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம் எல்லாம் அதில் அடக்கம். ஊரின் பாதிப் பிழைப்பே அதை நம்பித்தான் நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஊராட்சியைக் 'கொம்யூன்' என்று சொல்லித் தந்தார்கள். 'பொது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. நம் சர்க்கார் வைத்த பெயரிலோ 'புறம்' இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சென்னையின் குப்பையைக் கொட்ட இடம் தேடியபோது, செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலிருந்தும் குத்தம்பாக்கத்தின் மேய்க்கால்தான் கண்ணில் பட்டது. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

எதிர்க்கும் தெம்பு அந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? 1996இல் இளங்கோ என்ற வேதிப்பொறியாளர், அரசு ஆராய்ச்சி வேலையை விட்டுவந்து அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார். ஊர் என்ன வாங்குகிறது, அதில் எதை ஊரிலேயே செய்யலாம் என்று கணக்குப் பார்த்தவர். நெல்லை விற்றுவிட்டு அரிசியை வெளியே வாங்குவானேன் என்பது ஜே.சி. குமரப்பா வழியில் வந்த கேள்வி. கிரானைட் ஆலை கழித்துப்போட்ட கல்லை வைத்துச் சாக்கடை கட்டியதற்காக அவரைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். செலவு மிச்சம், ஆனால் எஸ்டிமேட்டில் அந்தக் கல் இல்லையே! முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், எங்கள் இனத்தின் புத்தி அது. கிராம சபை அவர் பக்கம் நின்றது, உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது.

இப்போது நம் திருமழிசைக்கு வாருங்கள். 2011இல் 311 ஏக்கரில் துணை நகரம், 12,000 வீடு, 2,160 கோடி என்றார்கள். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடியபோது அந்த இடத்துக்குத்தான் காய்கறிச் சந்தை வந்தது. மழை பெய்ததும் சேறும் தண்ணீருமாகி, வியாபாரிகள் தலையில் கைவைத்தார்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று இங்கே மாடு மேய்க்கிறவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எழும்பூரிலும் நந்தனத்திலும் வரைபடம் போடுகிறவர்கள் அவரை ஏன் கேட்கப்போகிறார்கள்?

ஏரியைத் தூர்வாரினால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017இல் குடிமராமத்து திரும்ப வந்தது. ஆயக்கட்டுதாரர் 10 சதவீதம் போட வேண்டும் என்று விதி. ஆயக்கட்டே மனையாகிப்போன ஊரில் ஆயக்கட்டுதாரர் யார்? பொக்லைன் வரும், மண் லாரியில் போகும், அடுத்த வருஷம் ஆகாயத்தாமரை. மீன், தீவனப்புல், கீரை, நாற்று என்று ஏரியால் நாலு காசு பார்க்கிற குடும்பங்கள் கரையோரம் இருந்தால்தான், மதகு உடைந்த அன்றே யாராவது கத்துவார்கள். அந்தக் குடும்பங்களை உட்காரவைத்துத் திட்டம் எழுதுங்கள், பொக்லைன் அப்புறம் வரட்டும்.

குத்தம்பாக்கத்துக்காரர் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். பேரூராட்சி ஆகிவிட்டதால் நமக்குக் கிராம சபை கிடையாது. இதற்குப் பெயர் தரம் உயர்வாம்!