எண்ணெய் உண்ணும் பற்றீரியாவும் சுன்னாகத்துக் கிணறுகளும்

சுன்னாகம் மின் நிலையப் பகுதியில் நிலத்தில் இறங்கிய கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. இழப்பீடு கிணற்றைக் கழுவாது. எண்ணெயை உண்ணும் பற்றீரியாவை வாங்கி ஊருக்கு அனுப்பினால் என்ன என்ற எண்ணம் புலம்பெயர்ந்த பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எழுவது இயல்பே. ஆயினும் இதில் அவசரம் ஆகாது.

அத்தகைய பற்றீரியாக்கள் கற்பனையல்ல. வங்கத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி அமெரிக்காவில் உருவாக்கிய பற்றீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாமென 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற அந்தப் பற்றீரியா எண்ணெய்க் கசிவுகளில் இறக்கப்படவேயில்லை என்பதைப் பலர் அறியார்.

1989இல் எக்சன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் ஏறத்தாழ 4 கோடி லீற்றர் மசகு எண்ணெயைக் கொட்டியபோது, கரைகளில் தெளிக்கப்பட்டது உரமே. எண்ணெயை உண்ணும் பற்றீரியாக்கள் அங்கே முன்னரே வாழ்ந்தன. எண்ணெயில் காபன் மிகுதி. நைதரசனும் பொசுபரசும் மிக அரிது. சோறு மட்டும் குவிந்து கறியே இல்லாத பந்தி போன்றது அது. உரம் கிடைத்ததும் சிதைவு விரைந்தது. எனினும் கூழாங்கற்களுக்கு அடியில், ஒட்சிசன் எட்டாத இடங்களில், 2001ஆம் ஆண்டிலும் எண்ணெய் எஞ்சியிருந்தது.

சுன்னாகத்தில் எண்ணெய் இறங்கியதோ சுண்ணாம்புக்கல் நிலத்தின் உள்ளே. அங்கே காற்று எளிதில் எட்டாது. உரம் இடுவதை நினைக்கவே இயலாது: தோட்டங்களுக்கு இட்ட உரத்தால் வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே அளவு மீறியுள்ளது, அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. மேலும், ஐதரோகாபன்களைச் சிதைக்கும் பற்றீரியாவால் ஈயம் போன்ற உலோகங்களை அழிக்க முடியாது.

ஆகவே ஊர்ச் சங்கங்கள் திரட்டும் பணம் புட்டியில் அடைத்த பற்றீரியாவுக்குச் செல்லலாகாது. அதே கிணறுகளின் நீரை மாரியிலும் கோடையிலும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை அந்த மக்களிடமே கையளிக்கும் பணிக்குச் செல்ல வேண்டும். நுண்ணுயிரியல் கற்கும் இளையோருக்கும் இங்கே வேலை உண்டு. ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைப் பயன்படுத்தி, தொலுயீன் போன்ற சில ஐதரோகாபன்களைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் உள்ளன. தோட்டத்து நஞ்சைக் கொண்டே எண்ணெயின் நஞ்சைக் குறைக்க வலிகாமத்து நிலத்தடியில் இயலுமா என்பதை, யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களுடன் இணைந்து, முதலில் ஆய்வுகூடத்துக் குடுவையில் அவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.