சல்லடையும் சாக்கடை மரணமும்

குளியலறை அடைப்பு அந்தந்த வீட்டோடு முடிவதாகவே பலரும் கருதுகின்றனர். தலைமுடியும், கடினநீரில் சோப்பு திரிந்து உண்டாகும் பிசுக்குமே பெரும்பாலும் அதன் காரணம். முடியைச் சல்லடை தடுக்கும். தேங்கியதைக் கம்பியால் இழுத்தெடுக்கலாம். அமிலம் ஊற்றுவோரோ, அதனோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும் என்பதை எண்ணுவதில்லை.

வீட்டில் தடுக்கப்படாதது தெருச் சாக்கடையில் சேர்கிறது. ஹைதராபாத்தின் குறுகிய சந்துகளுக்கென 2017இல் சிறு ஜெட்டிங் இயந்திரங்கள் வந்தன, வரவேற்கத்தக்கதே. ஆயினும் நாட்டில் குழிக்குள் மனிதர் இறக்கப்படுவது நிற்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் மரணங்கள் தொடர்ந்த நிலையில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

அரசிடம் இயந்திரங்களைக் கோரும் கல்விச் சமூகம், தன் குளியலறையில் சல்லடை பொருத்துவதையும் அக்கோரிக்கையின் பகுதியாகவே கொள்ளவேண்டும்.