கிரியேட்டினின் 'நார்மல்'னு வந்தா போதுமா? பெரியவங்க கிட்னி டெஸ்ட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

"கிரியேட்டினின் 1.1 தான். நார்மல்." லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டு, வீட்டுப் பெரியவரின் ஃபைலை மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் அதே 1.1, 30 வயது இளைஞருக்கு ஒரு அர்த்தம். 75 வயது பாட்டிக்கு வேறு அர்த்தம். இது தெரியாததால் சிலருக்கு கிட்னி பாதிப்பு தாமதமாகத் தெரியவருகிறது. இன்னும் சிலர் இல்லாத நோய்க்கு பயந்து வாழ்கிறார்கள்.

ஒரே எண், இரண்டு அர்த்தம் ஏன்?

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து உருவாகும் கழிவு. கிட்னி அதை வடிகட்டி சிறுநீரில் வெளியேற்றும். கிட்னி சரியாக வேலை செய்யலைன்னா ரத்தத்தில் இதன் அளவு ஏறும்.

வயதாக ஆக உடம்பில் தசை குறைகிறது. சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இன்னும் குறையும். கழிவு உருவாவதே குறைவதால், கிட்னி பலவீனமாக இருந்தாலும் எண் பெரிதாக ஏறாது.

அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 'இ.ஜி.எஃப்.ஆர்' முக்கியம். கிட்னி ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு இது. 2021-ல் வெளியான சூத்திரப்படி, கிரியேட்டினின் 1.1 உள்ள 30 வயது ஆணுக்கு இது சுமார் 93. அதே 1.1 உள்ள 75 வயது பெண்ணுக்கு சுமார் 52 தான்.

அப்போ 52-ன்னா கிட்னி ஃபெயிலியரா?

இல்லை. கிட்னி செயலிழப்பு என்று சொல்வது 15-க்குக் கீழே போனால்தான். இ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே குறைந்து, குறைந்தது 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல்.

இதில்தான் மருத்துவர்களிடையே விவாதம். வயதானால் கிட்னியின் வேகம் இயல்பாகவே குறையும். எனவே 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சிறுநீரில் புரதம் போகாத பட்சத்தில், 45-க்குக் கீழே போனால் மட்டும் நோய் என்று சொல்லலாம் என்பது ஒரு தரப்பு. எல்லோருக்கும் 60 தான் எல்லை, அதற்குக் கீழே போனால் முதியவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது என்பது இன்னொரு தரப்பு. 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதலிலும் 60 மாறவில்லை. தசை குறைந்தவர்களுக்கு சந்தேகம் வந்தால், தசையை அதிகம் சாராத 'சிஸ்டாட்டின் சி' ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

யூரின் டெஸ்ட் ஏன் அவசியம்?

ரத்தப் பரிசோதனை பாதி கதைதான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பது மீதி. அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், இ.ஜி.எஃப்.ஆர் நன்றாக இருந்தாலும் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்தால் முடிவு தவறலாம். காலையில் போகும் முதல் சிறுநீர் நல்லது.

"வயசாச்சு, அப்படித்தான்" என்பது சரியா?

சோர்வு, பசியின்மை, கால் வீக்கம், ராத்திரி அடிக்கடி சிறுநீர் போவது... எல்லாவற்றையும் வயது மேல் போட்டுவிடுகிறோம். ஆரம்ப கட்டத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கி சிறுநீர் தேங்கினாலும் கிட்னி பாதிக்கும். அதற்கு ஸ்கேன் தேவைப்படும்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கித் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் பலவீனமான கிட்னியை மேலும் கெடுக்கும். சுகருக்குத் தரும் மெட்ஃபார்மினும் இ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டியது. எண் தெரியாவிட்டால் டோஸும் தப்பாகும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வீடு தேடி வருதுன்னு டெஸ்ட்டை மறந்துடக் கூடாது.

அடுத்த முறை என்ன கேட்கணும்?

* "கிரியேட்டினின் மட்டும் இல்லாம, இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு?"
* "யூரின்ல அல்புமின் பார்த்தாச்சா?" சுகர், பி.பி உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது இரண்டும் தேவை.
* "3 மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணுமா?" பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்க. எண் எவ்வளவு வேகமாகக் குறையுதுங்கறது ரொம்ப முக்கியம்.

ஒரு எச்சரிக்கை: சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ, வாந்தி பேதிக்குப் பிறகு பெரியவர் குழப்பமாகப் பேசினாலோ 3 மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.