உர மூட்டைக்கும் லேசர் சோதனை வரட்டும்

பல்லடம் வட்டாரத்தில் மளிகையோடு உரமும் விற்கும் நம் அங்கத்தினர்களுக்கு, உர மாதிரி எடுக்க அதிகாரி வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மாதிரியை அனுப்ப 7 நாள், ஆய்வுக்கு 30 நாள், முடிவைத் தெரிவிக்க 15 நாள். அதற்குள் உரம் காட்டில் கரைந்துவிடும். வழக்கு மட்டும் கடைக்கு வரும். தைத்து வந்த மூட்டையில் 17:17:17 என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பதை நாம் எப்படி அறிவோம்?

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி, நிலவு மண்ணில் லேசரைப் பாய்ச்சி, எழுந்த பிழம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, கந்தகம் இருக்கிறது என்றது. கந்தகமும் பயிருக்குச் சத்துதானே! அதே முறையில் உரத்தையும் மண்ணையும் பொடித்து வில்லையாக அழுத்தினால், சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

குறையும் உண்டு. தழைச்சத்தை அளக்கையில் காற்றிலுள்ள நைட்ரஜன் குழப்பும். மணிச்சத்து மொத்தம் தெரியும். பயிருக்குக் கிட்டுவது எவ்வளவு என்று தெரியாது. எனவே இதை வைத்து வழக்குப் போடக்கூடாது. லாரியிலிருந்து இறக்கும்போதே சந்தேகச் சரக்கைத் தனியே நிறுத்திவைக்க இது போதும். கடைக்கொரு கருவி கட்டுப்படியாகாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைக் கொண்டு அளவு சரிபார்த்து, வட்டாரத்துக்கு ஒன்று வைக்கும்படி நம் சங்கம் அரசுக்கு மனுக் கொடுக்க வேண்டுகிறோம்.