மூன்றடி மண்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சே மாறிவிடும். "எப்பக் கெளம்புறீக?" "நாளைக்குக் குன்றக்குடியில போய்ச் சேந்துக்கிறோம்." எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பழனிக்குத்தான். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 160 கிலோமீட்டர் நடை. நகரத்தார் காவடி பல தலைமுறையாகப் போகிற வழி இது. அவர்களோடு நாட்டார்களும் மற்ற சனங்களும் சேர்ந்து இன்று லட்சக்கணக்கில் நடக்கிறார்கள்.

தை மாதத்தில் இன்னொரு செய்தியும் தவறாமல் வரும். பாதயாத்திரை போனவர்கள் மீது கார் மோதியது, லாரி மோதியது, இத்தனை பேர் பலி. படித்துவிட்டு, "முருகன் கூப்பிட்டுக்கிட்டான், விதி" என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. தன்னைப் பார்க்க நடந்து வருகிறவனை நடுவழியில் லாரியில் அடித்துக் கூப்பிடுகிற சாமியா முருகன்? அவன் தலையில் பழியைப் போடாதீர்கள். பழி ரோட்டில் இருக்கிறது.

நான் சின்னப் பையனாக அப்பத்தாவோடு நடந்தபோது தார் ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் புளியமரம், மரத்தடியில் மண். வெறுங்காலுக்கு அந்த மண் மெத்தை மாதிரி. எதிரே பஸ் வந்தால் பஸ்தான் மண்ணில் இறங்கி நமக்கு ஒதுங்கும். இப்போது ரோடு அகன்றுவிட்டது, மரம் போய்விட்டது, மண்ணும் போய்விட்டது. தார் முடிகிற இடத்தில் பள்ளம், இல்லாவிட்டால் முள். பல இடங்களில் நடக்கிறவனுக்கு வெள்ளைக்கோட்டுக்கு வெளியே கால் வைக்க இடமில்லை. ராத்திரியில் வெயிலுக்குப் பயந்து நடக்கிறான். பின்னாலிருந்து வருகிறவன் எண்பது, தொண்ணூறு வேகத்தில் வருகிறான்.

இதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். ஒட்டிவிடுகிற போலீஸ்காரர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் ஸ்டிக்கர் நம்மைக் காட்டிக்கொடுக்கும், ஒதுங்க இடம் கொடுக்காது.

"இந்தக் காலத்தில் எதற்கு நடை? பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. நாள் ஒன்றுக்குத் தொண்ணூறு பேர். அத்தனை பேரும் பழனிக்கா போனார்கள்? பால் வாங்கப் போனவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், ரேஷன் கடைக்குப் போனவர்கள். பாதயாத்திரையை நிறுத்தினால் அவர்கள் பிழைத்துவிடுவார்களா?

என் தங்கை மகன் வேல்ஸ் நாட்டில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டினால், மலை மேலே இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வீடு திரும்புவான். போன தடவை ஊருக்கு வந்தபோது இங்கேயும் ஓடப் போனான். அரை மணியில் திரும்பி வந்துவிட்டான். "மாமா, அங்கே மலையில பயமில்லை. இங்கே ரோட்டுலதான் பயமா இருக்கு" என்றான்.

அவன் ஓடுகிற பாதைகள் எப்படி வந்தன என்று விசாரித்தேன். அங்கே 1949இல் ஒரு சட்டம் போட்டார்கள். சனங்கள் வழிவழியாக நடந்த பாதைகளையெல்லாம் அளந்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது அந்தச் சட்டம். படத்தில் ஏறிவிட்டால் அது பொதுப்பாதை. தனியார் வயலுக்குள் போனாலும் யாரும் அடைக்கக் கூடாது. குறுக்கே உழுதால், உழுத ஆளே பாதையைச் சரிசெய்து தர வேண்டும்.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. முப்பது வருஷம் நில அளவையில் சங்கிலி பிடித்தவன் நான். நம்மிடம் இல்லாத வரைபடமா? புலப்படத்தில் வண்டிப்பாதை புள்ளிக்கோடு போட்டு இருக்கிறது. 'அ' பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று எழுதி இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற பாதையைத் தரையில் தேடினால் ஒரு இடத்தில் கம்பிவேலி, ஒரு இடத்தில் கருவேல், ஒரு இடத்தில் பிளாட். வேலி போட்டவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்.

நடப்பவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள். எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. ஆனால் ஓரமே இல்லாத ரோட்டில் 'ஓரமாப் போ' என்று யாரைத் திட்டுவது?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லைத் தாண்டினால் பழனி வழியில் பல இடங்களில் நடக்கிறவர்களுக்கென்று தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். அதில் கால் வைத்ததும் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும். அங்கே முடிந்தது குன்றக்குடியிலிருந்து நத்தம் வரை ஏன் முடியாது? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. இனிமேல் இது சலுகை இல்லை, உரிமை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். தைப்பூசத்துக்கு அது கிட்டத்தில்தான் வரும். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் இரண்டு தீர்மானம் போடட்டும். ஒன்று, ரோட்டோரம் மூன்றடி மண்பாதை, நடுவில் மரம். இரண்டு, பதிவேட்டில் உள்ள பாதைகளை அளந்து கல் ஊன்ற வேண்டும். அன்னதானத்துக்குப் பந்தல் போடுகிற ஊர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் திருப்பதிக்கு உண்டியல் சுமந்து நடந்தார் சேவுகன் செட்டியார். தள்ளாமை வந்து நடக்க முடியாமல் போனபோது, 'நீ வர வேண்டாம், நானே வருகிறேன்' என்று திருவேங்கடமுடையான் அரியக்குடிக்கு வந்துவிட்டார். நடந்த காலுக்கு அந்தச் சாமி கொடுத்த மரியாதை அது.

மூன்றடி மண் கேட்டு வந்ததும் அதே பெருமாள்தான். மகாபலி யோசிக்காமல் கொடுத்தான். நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.